பௌலிங் பந்துகளை ஒரே பிராண்டில் சேர்க்கலாமா? டெல்டாவிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கம் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளில் சிலர் பௌலிங் (கனமான பந்தை லேனில் உருட்டிப் பின்களைச் சாய்க்கும் ஆட்டம்) பழக்கத்தோடு வருகிறார்கள். வந்த கையோடு அவர்கள் கேட்கும் கேள்வி இது: "ஸ்டார்மிலேயே எல்லாப் பந்தும் வாங்கிவிடலாமா, கலந்து வாங்கலாமா?" ஸ்டார்ம் என்பது பந்து பிராண்டுகளில் ஒன்று.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் மூன்று பந்துகளுக்கு பிராண்டைப் பார்க்க வேண்டாம். பந்தில் துளை போடப்போவது யார், எந்த லேனில் உருட்டப்போகிறீர்கள் என்ற இரண்டையும் பாருங்கள். நான்காவது பந்துக்கு மேல் ஒரே பிராண்டில் போவதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரே பிராண்டில்தான் இருந்தாக வேண்டும் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது பந்து அல்ல, கட்டைவிரல் துளைக்குள் போகும் ஸ்லீவ்.

1. பந்துக்கு முன் துளை போடுபவர்

புதுப் பந்து துளை இல்லாமல்தான் வரும். உங்கள் கைக்கு அளவெடுத்து மூன்று துளை போட்டால்தான் அது உங்கள் பந்து. துளை தப்பாகப் போட்டால் எந்த பிராண்டாக இருந்தாலும் கட்டைவிரலில் தோல் உரியும், மணிக்கட்டு வலிக்கும். பெரும்பாலும் இதற்காக வெளியூர் போக வேண்டியிருக்கும். அதனால் போகும் முன் போனில் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

- துளையை அடைத்து மறுபடி போடும் வேலை செய்கிறாரா? அடைத்த பந்து இறுக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். போன அன்றே திரும்பும் திட்டம் இருந்தால் இந்த வேலை நடக்காது.
- பந்தைச் சுழற்றித் தேய்க்கும் ஸ்பின்னர் இருக்கிறதா? பந்தின் மேற்பரப்பைத் தேய்க்கும் அப்ரலான் பேட் எந்தெந்த சொரசொரப்பு எண்ணில் வைத்திருக்கிறார்?
- விரல் இன்சர்ட் (மற்ற இரு விரல் துளைகளுக்குள் ஒட்டும் ரப்பர் குழாய்), கட்டைவிரல் ஸ்லீவ் எந்த பிராண்டில் கையிருப்பு வைக்கிறார்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மாற்றிப் போடும் கட்டைவிரல் ஸ்லீவில் வெளிக்கூடு பந்தோடு ஒட்டியிருக்கும். உள் ஸ்லீவை ஒரு திருகு திருகிக் கழற்றி அடுத்த பந்தில் மாட்டிக்கொள்ளலாம். எல்லாப் பந்திலும் கட்டைவிரல் ஒரே மாதிரி உட்காருவது இதனால்தான். ஆனால் வைஸ் நிறுவனத்தின் உள் ஸ்லீவ் டர்போவின் வெளிக்கூட்டில் பூட்டாது. மூன்று பந்து, மூன்று விதக் கூடு என்று ஆகிவிட்டால் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும், கூலி மூன்று மடங்கு. பிராண்ட் விசுவாசத்தை இங்கே காட்டுங்கள்.

அளவெடுத்ததும் அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஸ்பான் (கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையிலான தூரம்), மூன்று துளைகளின் பிட்ச் (துளையின் சாய்வு), துளை விட்டம், ஸ்லீவ் அளவு, உங்கள் கைச்சுழற்சியின் அச்சுப்புள்ளி (நீங்கள் விடும்போது பந்து எந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சுழல்கிறது என்பது) எல்லாம் இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அங்கேயே துளை போட்டு அனுப்புகிறேன் என்றால், இந்தத் தாள் இல்லாமல் அது நடக்காது.

அளவு கொடுக்கும் நேரமும் முக்கியம். பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் கொடுக்காதீர்கள். அரைமணி நேரம் உருட்டிவிட்டுக் கொடுங்கள், கட்டைவிரல் வீங்கிச் சரியான பருமனுக்கு வந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கச்சிதமாக இருந்த துளை மார்கழியில் தொளதொளக்கும். அந்த வித்தியாசத்தைத் துளைக்குள் ஒட்டும் டேப்பால் சரிசெய்யலாம். ஒரு டேப் உறை எப்போதும் பையில் இருக்கட்டும்.

2. எந்த லேன் என்று பாருங்கள்

கேம் ஜோன் லேனும் போட்டி நடக்கும் லேனும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பந்து விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, குறுக்கே 39 பலகை. வித்தியாசம் எண்ணெயில். போட்டி லேனில் குறிப்பிட்ட தூரத்துக்கு, பெரும்பாலும் 40 அடி சுற்றுவட்டத்தில், எந்திரம் எண்ணெய் பூசும். கேம் ஜோனில் பல நாள் பூசாமலே விட்டுவிடுவார்கள். அந்தக் காய்ந்த லேனில் விலை உயர்ந்த சாலிட் ரியாக்டிவ் பந்தை (லேனை நன்றாகப் பிடித்து வளையும் வகை) விட்டால் 20 அடியிலேயே இடதுபுறம் திரும்பி ஓடிவிடும் (வலக்கைக்காரருக்கு). பந்தின் மேற்பரப்பும் வீணாகத் தேயும்.

எனவே நீங்கள் உருட்டப்போகும் இடத்தில் மூன்று விஷயம் விசாரியுங்கள்: எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை அடி, சொந்தப் பந்துக்கு அனுமதி உண்டா. அனுமதி இல்லாத இடங்கள் இருக்கின்றன, பந்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தெரிந்து பயனில்லை.

எண்ணெய் நீளம் தெரிந்தால் ஒரு எளிய கணக்கு: நீளத்திலிருந்து 31-ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் 9. எண்ணெய் முடியும் இடத்தில் பந்து ஓரத்திலிருந்து ஏறக்குறைய 9-ஆவது பலகையில் இருக்க வேண்டும். இது தோராயக் கணக்குதான், ஆனால் தொடங்க ஒரு இடம் கிடைக்கும்.

3. முதல் மூன்று பந்துகள்

முதல் பந்து பிளாஸ்டிக், அதாவது பாலியெஸ்டர். நேராகப் போகும். ஓரத்தில் நிற்கும் ஒற்றைப் பின்னை அடிக்கவும், காய்ந்த லேனில் உருட்டவும் இதுதான். பிராண்டால் இதில் பெரிய மாற்றம் இல்லை, கிடைக்கிற நிறத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, நடுத்தரமான ஒரு ரியாக்டிவ் பந்து: சமச்சீர் கோர் (பந்துக்குள் இருக்கும் எடைக்கட்டி), ஹைப்ரிட் (சாலிடும் பேர்லும் கலந்தது) அல்லது அடங்கிய சாலிட் கவர் (பந்தின் வெளி உறை). லேன் என்ன சொல்கிறது என்று இந்தப் பந்தை வைத்துத்தான் படிப்பீர்கள். இங்கே அவசரம் வேண்டாம், விலையும் பெயரும் பார்த்து மேல்மட்டப் பந்துக்குத் தாவாதீர்கள். அது எப்போது திரும்பும் என்று புதியவரால் கணிக்க முடியாது.

மூன்றாவது, இரண்டாவதைவிடத் தாமதமாகத் திரும்பும் பேர்ல் கவர் பந்து. ஆட்டம் போகப்போக எண்ணெய் கரையும்போது கை இதற்குத்தான் போகும்.

இந்த மூன்றையும் ஒரு வருடம் உருட்டுங்கள். எண்ணெய் அதிகமுள்ள லேனுக்கான வலுவான சாலிட் தேவையா, யூரித்தேன் (மெதுவாக, சீராக வளையும் இன்னொரு வகைக் கவர்) தேவையா என்பது அதற்குள் தானாகத் தெரிந்துவிடும்.

எடையைப் பொறுத்தவரை, விதி அனுமதிக்கும் உச்சம் 16 பவுண்டு, ஏறத்தாழ 7.26 கிலோ. ஆண்கள் பலருக்கு 14 அல்லது 15 சரியாக இருக்கும். கேம் ஜோன் பந்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் துளை பொதுவான அளவு என்பதால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், கை சீக்கிரம் சோரும். அளவெடுத்துத் துளை போட்ட பந்து அதே எடையிலும் இலேசாகத் தெரியும்.

4. பிராண்ட் என்பது எத்தனை ஆலை?

பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும், ஆலை அத்தனை கிடையாது. ஸ்டார்ம், ரோட்டோ கிரிப், 900 குளோபல் மூன்றும் ஒரே நிறுவனம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர்கள். பிரன்ஸ்விக், ரேடிகல், டிவி8 ஆகியவை ஒரு வீட்டில் இருந்தன. 2019 நவம்பரில் எபோனைட் நிறுவனத்தையும் பிரன்ஸ்விக் வாங்கியதால் எபோனைட், ஹேமர், டிராக், கொலம்பியா 300 நான்கும் அதே வீட்டுக்கு வந்தன. மோட்டிவ் மிச்சிகனில் தனியாக இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்தாலும் தண்ணீர் மேட்டூரிலிருந்து வந்ததுதானே, அப்படித்தான் இதுவும்.

இதனால் இரண்டு விஷயம் மாறுகிறது. ஹேமரும் டிராக்கும் வாங்கிவிட்டு "இரண்டு பிராண்ட் வைத்திருக்கிறேன்" என்றால் அது பாதி உண்மைதான். ஸ்டார்மையும் ரோட்டோ கிரிப்பையும் கலப்பதற்குப் பயப்படவும் தேவையில்லை.

5. ஒரே வீட்டில் வாங்குவதன் லாபம்

லாபம் உண்மையானதுதான். ஒரே நிறுவனத்தின் கவர் பெயர்கள் பல மாடல்களில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றை நன்றாக உருட்டியவருக்கு அதே கவரில் வேறு கோர் போட்ட பந்து எப்படிப் போகும் என்று வாங்கும் முன்பே ஓரளவு பிடிபடும். சில மாடல்களில் கோர் ஒன்றே, கவர் மட்டும் சாலிட், ஹைப்ரிட், பேர்ல் என்று மாறி வரும். அந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரே லேனில் உருட்டினால் கவர் என்ன செய்கிறது என்பது கண்முன் தெரியும், வேறெந்தப் பாடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஒரே விற்பனையாளரிடம் வாங்கினால் விலை பேச இடம் கிடைக்கும், விரிசல் வந்தால் கேட்க ஒரு ஆள் இருப்பார். ஆனால் உத்தரவாதம் விற்ற நாட்டோடு நின்றுவிடுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பினாங்கில் வாங்கிய பந்து பாபநாசத்தில் விரிந்தால் யார் மாற்றித் தருவார் என்பது பில் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

6. ஒரே வீட்டில் வாங்குவதன் ஆபத்து

மூன்று ஆபத்துகள், முதலாவது பெரியது.

பந்தின் அங்கீகாரம் ரத்தாகலாம். அமெரிக்க பௌலிங் காங்கிரஸ், சுருக்கமாக யூஎஸ்பிசி, பந்துகளைச் சோதித்து அங்கீகாரப் பட்டியல் வெளியிடுகிறது. 2016-இல் மோட்டிவின் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் இரண்டும் டிஃபரன்ஷியல் வரம்பை (இந்த எண் பற்றி 7-ஆம் பகுதியில்) மீறியதால் அங்கீகாரம் இழந்தன. 2022-இல் ஸ்டார்மின் ஸ்பெக்டர், கடினத்தன்மை குறைவாக இருந்ததால் நீக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் வேறு ஆறு மாடல்களை யூஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளில் தடுத்தது, 900 குளோபல் பெயரில் வந்தவையும் அவற்றில் உண்டு. ஒரே வீட்டிலிருந்து எல்லாம் வாங்கியவருக்கு அன்று பையில் பாதி காலியாகியிருக்கும். போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் வாங்கும் முன்னும், ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பட்டியலைப் பாருங்கள். போட்டி நடத்துபவர் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறார் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பந்துகளின் வேலை ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரு நிறுவனத்தின் புதுப் பந்து நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பந்தின் இடத்திலேயே வந்து உட்காரும், நிறமும் பெயரும் மட்டும் வேறாக இருக்கும். அதற்கு ஒரே மாதிரி துளை அமைப்பும் போட்டால் நான்கு பந்து வாங்கி ஒரு பந்தின் வேலையைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, கிடைப்பது. மாடல்கள் வேகமாக நிறுத்தப்படுகின்றன. "செட் முழுசாகட்டும்" என்று காத்திருப்பவர் கடைசிப் பந்துக்கு முதல் மூன்றின் விலையைக் கொடுப்பார். அலமாரியில் வைத்துப் பார்க்கவே சேர்க்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு, தாராளமாகச் செய்யுங்கள். உருட்டுவதற்கு என்றால் வேண்டாம்.

7. பெட்டி எண்களைப் படிப்பது

பிராண்ட் மாறினாலும் மாறாத மொழி மூன்று எண்களில் இருக்கிறது. ஆர்ஜி என்பது பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு, 2.46 முதல் 2.80 வரை. குறைந்தால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும், கூடினால் நீளப் போய்த் தாமதமாக உருளும். டிஃபரன்ஷியல், அதாவது ஒரே பந்தின் அதிகபட்ச ஆர்ஜிக்கும் குறைந்தபட்ச ஆர்ஜிக்கும் உள்ள வித்தியாசம், 0.060-க்கு மேல் போகக்கூடாது. அது கூடக்கூட பந்து சுற்றும்போது எண்ணெய் படாத புது மேற்பரப்பு லேனைத் தொடும், திருப்பம் கூடும்.

இங்கே பலர் விழும் பள்ளம்: விளம்பரத்தில் போடுவது வழக்கமாக 15 பவுண்டு பந்தின் எண். எடை மாறினால் எண்ணும் மாறும். 12, 13 பவுண்டில் பல மாடல்களுக்கு உள்ளே வேறு பொதுவான கோரைத்தான் வைக்கிறார்கள். மனைவிக்கோ தங்கைக்கோ 12 பவுண்டு வாங்கும்போது விளம்பரம் புகழும் அந்தக் கோருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் எடைக்கான எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது எண் மேற்பரப்பு: 500, 1000, 2000, 3000, 4000. எண் சிறிதானால் சொரசொரப்பு அதிகம், பந்து சீக்கிரம் பிடிக்கும். புதுப் பந்து வாங்கும் முன், கையிலிருப்பதை 2000-இல் ஒருமுறை தேய்த்து உருட்டிப் பாருங்கள். புதுப் பந்து தேவை என்று நினைத்தவர்களில் பலருக்கு அதிலேயே தேவை தீர்ந்துவிடும். 60 ஆட்டத்துக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிப்பது பொதுவான வழக்கம்.

8. கொண்டுவருவது: செலவும் தாளும்

அமெரிக்கச் சில்லறை விலையில் பிளாஸ்டிக் பந்து 100 டாலரை ஒட்டியும், நடுத்தர ரியாக்டிவ் 150 முதல் 190 வரையும், மேல்மட்டம் 200-க்கு மேலும் இருக்கும். இன்சர்ட், ஸ்லீவ், துளைக்கூலி தனி. இதை மறந்து பட்ஜெட் போடுவதுதான் வழக்கமான தவறு. பந்து விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

கூரியரில் வரவழைத்தால் கட்டணம் எடைக்கு. பெட்டி ஏறக்குறைய 26 செ.மீ. கனசதுரம், அதை 5000-ஆல் வகுத்தால் மூன்றரைக் கிலோதான் வரும். பந்து 7 கிலோ என்பதால் கூரியர்காரர் 7 கிலோவுக்கே போடுவார். அதன்மேல் பொருள் விலை, அனுப்பும் செலவு இரண்டையும் சேர்த்துச் சுங்கவரி, ஜிஎஸ்டி. அடையாளச் சான்று கேட்டு லிங்க் வரும், அன்றே ஏற்றிவிடுங்கள். தாமதித்தால் பார்சல் கிடங்கில் கிடக்கும், வாடகை ஏறும். அனுப்புபவரை விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சுங்கத்துறை தானே மதிப்புப் போட்டால் பில் காட்டி வாதிடுவது கடினம்.

திருச்சி விமான நிலையம் வழியாக ஆள் கொண்டுவந்தால்: 15 பவுண்டு பந்து இரண்டு 13.6 கிலோ, பையும் ஷூவும் சேர்த்தால் 18 கிலோவைத் தொடும். டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கவுன்ட்டரில் கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தில் இன்னொரு பந்தே வாங்கியிருக்கலாம். கைப்பையில் வேண்டாம், பந்து ஒன்றே 7 கிலோ வரம்பைத் தின்றுவிடும். பந்தைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் வைத்தால் சக்கரப்பக்கம் உடையும். பெட்டி பிரிக்காத புதுப் பந்தென்றால் பில்லைக் கையில் வைத்திருக்க வேண்டும். வரியில்லா வரம்பு எவ்வளவு என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரம் சுங்கத்துறை தளத்தில் பாருங்கள், போன வருடம் வந்தவர் சொன்னதை நம்பாதீர்கள்.

9. பழைய பந்து வாங்கினால்

பழைய பந்து மோசமில்லை, விலையும் பாதிக்குக் கீழே கிடைக்கும். நான்காவது துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடைச் சமன் செய்யப் போடும் அந்தத் துளை 2020 ஆகஸ்ட் 1 முதல் யூஎஸ்பிசி விதியில் கிடையாது. பிடிக்கப் பயன்படாத துளை இருந்தால் அடைத்தாக வேண்டும், செலவு உங்களுடையது.

பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலுள்ள பாலத்தில் மெல்லிய கோடு தட்டினால் விரிசல் தொடங்கிவிட்டது. அந்தப் பந்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வரிசை எண் அழிந்திருந்தால் போட்டிச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். படத்தில் எண் தெளிவாகத் தெரியும்படி அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடுங்கள்.

10. நம்ம ஊர் வெயிலில் வைத்துக்கொள்வது

ரியாக்டிவ் பந்துக்கு எதிரி திடீர் சூடும் குளிரும். மொட்டை மாடித் தகர அறை, வெயிலில் நிற்கும் காரின் டிக்கி, பைக் முன்னால் தொங்கும் பை, மூன்றும் கூடாது. கவரும் கோரும் ஒரே அளவில் விரிவதில்லை, அந்த இழுபறியில்தான் விரிசல். வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயர்த்தி, ரப்பர் வளையத்தில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து நேராக வெயிலுக்குப் போகாதீர்கள்.

ஒவ்வொரு முறை உருட்டி முடித்ததும், பந்தின் சூடு ஆறும் முன், பந்துக்கான கிளீனர் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆறிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். பெயின்ட் தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். போட்டியின் நடுவில் ஈரத் துணிக்கு அனுமதியில்லை, காய்ந்த துண்டுதான்.

ஊறிய எண்ணெயை எடுக்க வெந்நீர்க் குளியல் உண்டு: துளைகளை நீர் புகாத டேப்பால் ஒட்டி, 55 டிகிரிக்கு மேல் போகாத நீரில் 20 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். அடுப்பில் காய்ந்த தண்ணீரைக் கண் அளவில் ஊற்றினால் ஒரு பந்து போய்விடும்.

சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் எடுத்துப் போகிறவர்கள் பையைக் கீழ் பெர்த்துக்கு அடியில் படுக்க வைத்துச் சங்கிலி போடுங்கள், சக்கரம் மேலே இருக்கட்டும். பஸ்ஸில் மேல் அலமாரியில் ஏற்றவே கூடாது, பிரேக் போட்டால் 7 கிலோ யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அளவுத்தாள், பில், வரிசை எண் படம் மூன்றும் போனில் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எழும்பூரில் இறங்கிக் கடை வாசலில் நின்று தேட வேண்டியதில்லை.